காசு இருந்தும் கறுப்புப் பட்டியலில் விழுந்த ஃபாஸ்டேக்

நாமக்கல்லில் எங்களிடம் புது லாரி ஒன்று ஓடுகிறது. எடுத்த நாலாவது மாதம், கரூர் போகும் வழியில் டோல்கேட் கம்பி ஏறவில்லை. டோல் கட்டணம் தானாகக் கழிய கண்ணாடியில் ஒட்டும் டேக்தான் ஃபாஸ்டேக்; அது கறுப்புப் பட்டியலில், அதாவது முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். கணக்கில் 6,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. ரொக்கமாக இருமடங்கு கட்டிவிட்டு டிரைவர் போன் செய்தார். நாலு நாள் இதே கதை.

முதலில் கணக்கில் கூடுதலாக 2,000 ரூபாய் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி அழுக்கு என்றார்கள், துடைத்தோம். ஆதார், பான் மறுபடி ஏற்றினேன். கஸ்டமர் கேரில் பேசிய ஒவ்வொருவரும் "24 மணி நேரம் பொறுங்க சார்" என்றார்கள். சரி, பொறுத்தோம்.

அப்புறம்தான் பழைய எஸ்எம்எஸ் ஒன்றை நிதானமாகப் படித்தேன். வண்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் டிஎன் 28 என்று தொடங்கவே இல்லை. 17 எழுத்தில் ஏதோ நீளமாக இருந்தது. ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டால், அது சேசிஸ் எண், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் எண்! பதிவு ஆகும் முன்பே ஷோரூமில் ஒட்டிய டேக். பதிவெண் வந்ததும் 90 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டுமாம். டேக் வேலை செய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை.

டேக் கொடுத்த வங்கியின் தளத்தில் ஆர்சியின் இரு பக்கமும், டேக்கும் நம்பர் பிளேட்டும் தெரிகிற முன்பக்கப் படமும் ஏற்றினேன். முதல் படத்தில் கண்ணாடியில் வெயில் அடித்து டேக் தெரியவில்லை, திருப்பிவிட்டார்கள். நிழலில் நிறுத்தி எடுத்தது ஏறியது. மறுநாள் மதியம் கம்பி தானாக உயர்ந்தது. அப்பாடா!

இருமடங்கு கட்டிய பணம் திரும்ப வரவில்லை.