ஈடன் மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்பிரியாவில் இருக்கும் ஈடனைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "ஈடன் ஒரு மாவட்டம்" என்று தொடங்குவார்கள். மாவட்டமாக இருந்தது என்பதே சரி. 1974-ல் உருவான அதன் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) 2023 மார்ச் 31-ஓடு முடிந்துபோனது. மறுநாள் முதல் ஈடன், சவுத் லேக்லேண்ட், பாரோ-இன்-ஃபர்னஸ் மூன்றுக்கும் சேர்த்து 'வெஸ்ட்மோர்லேண்ட் அண்ட் ஃபர்னஸ்' என்ற ஒரே கவுன்சில். பல மாவட்டங்களை உள்ளடக்கிய கம்பிரியா என்ற பெரிய நிர்வாகப் பகுதிக்கு, அதாவது கவுன்டிக்கு, இருந்த கவுன்சிலும் அதே மார்ச் 31-ஓடு கலைந்தது.

பெயர்ப்பலகை மட்டும் மாறியதாக நினைக்கக் கூடாது. முன்பு குப்பை, கட்டட அனுமதி எல்லாம் மாவட்டக் கவுன்சிலின் பொறுப்பு. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு கவுன்டியின் பொறுப்பு. இப்போது எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் இதிலும் ஒரு விலக்கு உண்டு, பலர் கோட்டை விடுவது இங்கேதான். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் உள்ள கிளென்ரிடிங்கில் ஒருவர் வீட்டோடு புதிதாக ஓர் அறை சேர்க்க வேண்டுமென்றால், அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது கவுன்சிலிடம் அல்ல, லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா ஆணையத்திடம். ஊர் அந்தப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பதுதான் காரணம். அதே வீட்டின் குப்பையை அள்ளுவதோ கவுன்சில்தான்.

மக்கள்தொகையில் இன்னும் கவனம் தேவை. 2021 கணக்கெடுப்பில் ஈடனில் சுமார் 54,700 பேர். பரப்பு ஏறத்தாழ 2,140 சதுர கிலோமீட்டர். சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 பேர்தான். அன்றைய இங்கிலாந்து மாவட்டங்களில் மிகக் குறைவு. புதிய கவுன்சிலின் இரண்டேகால் லட்சத்தை ஈடனின் கணக்கில் எழுதிவிட்டால் எல்லாமே தலைகீழாகிவிடும். 25 என்ற சராசரியை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. நாலில் ஒருவருக்கும் மேல் பென்ரித் என்ற ஒரே ஊரில் வசிக்கிறார்கள். பென்னைன் மலைப்பக்கம் போனால் மைல் கணக்கில் ஒரு வீடு தென்படாது. பேருந்து, மருத்துவர், பள்ளி என்று அங்குள்ளவர்கள் படும் பாட்டைச் சராசரி மறைத்துவிடும்.

அடுத்தது, பழைய பெயர்களை நம்பி ஏமாறுவது. வரலாற்றுப்படி பென்ரித், கம்பர்லேண்ட் என்ற பழைய கவுன்டியைச் சேர்ந்த ஊர். 2023-ல் கம்பர்லேண்ட் என்ற பெயரிலேயே இன்னொரு கவுன்சில் வந்தது. ஆனால் பென்ரித் அதில் இல்லை, வெஸ்ட்மோர்லேண்ட் என்ற இன்னொரு பழைய கவுன்டியின் பெயர் தாங்கிய கவுன்சிலில் இருக்கிறது!

கீழ்மட்டத்தில் பாரிஷ் கவுன்சில்கள் உண்டு. அவற்றைத் தேவாலய அமைப்பு என்று எழுதாதீர்கள். மக்கள் தேர்ந்தெடுக்கும் அடிமட்ட உள்ளாட்சி அவை. கட்டட விண்ணப்பங்களில் கருத்துச் சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. மிகச் சிறிய ஊர்களில் கவுன்சிலே இருக்காது. வாக்காளர்கள் கூடிப் பேசும் பாரிஷ் கூட்டம் மட்டும் நடக்கும்.

நாடாளுமன்றத் தொகுதியைக் கவுன்சில் எல்லையோடு பொருத்திப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். 2024 முதல் பென்ரித் இருப்பது 'பென்ரித் அண்ட் சோல்வே' தொகுதியில். அந்தத் தொகுதியின் மேற்குப் பகுதி கம்பர்லேண்ட் கவுன்சிலுக்குள் வருகிறது. பழைய ஈடனைச் சேர்ந்த ஆப்பிள்பி என்ற ஊரோ வேறு தொகுதியில் வாக்களிக்கிறது.