ஒரே வாக்கியத்தில் ஜப்பானிய மொழி: காலையில் ஒனிகிரி வாங்கலாம்

ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் படிக்காதீர்கள். ஆங்கிலத்துக்குத் தலைகீழாகத் தெரிவது தமிழுக்கு நேராகவே இருக்கும். இதைப் பாருங்கள்:

மைஅஸ எகிமஎ நொ கொம்பினி தெ ஒனிகிரி ஒ கைமஸ்.

தினமும் காலையில் ஸ்டேஷன் எதிரே இருக்கும் கடையில் ஒனிகிரி வாங்குகிறேன்.

படி 1: வாய்விட்டுச் சொல்லுங்கள்

'எகி'யில் வருவது 'கிளி'யின் கி. 'தெ'யை 'தெய்வம்' என்பதில் வருவதுபோல் சொல்லுங்கள். கடைசிச் சொல் எழுத்தில் 'கைமஸு'. பேச்சில் அந்த உகரம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

படி 2: சொற்கள்

மை என்றால் ஒவ்வொரு, அஸ என்றால் காலை. மைஷூ என்றால் வாராவாரம். எகி ஸ்டேஷன், மஎ முன்பக்கம். கொம்பினி, 'கன்வீனியன்ஸ் ஸ்டோர்' சுருங்கி வந்தது. பெரும்பாலும் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஒனிகிரி என்பது கடல்பாசித் தாள் சுற்றிய சோற்று உருண்டை. உள்ளே சால்மன் மீனோ, உமெபொஷி என்ற புளிப்பு ஊறுகாயோ இருக்கும்.

படி 3: வேற்றுமை உருபுகள்

நொ = உடைய, தெ = இல், ஒ = ஐ. பெயருக்குப் பின்னால்தான் வரும், நம் உருபுகளைப் போலவே. 'நான்' தேவையில்லை, வினை கடைசியில். எண்ணிக்கைகூட நம் பேச்சு வழக்குதான்: 'ஒனிகிரி ஒ மித்ஸு கைமஸ்', அதாவது 'ஒனிகிரி மூணு வாங்குறேன்'.

படி 4: வினை

இங்கே நமக்கு வேலை மிச்சம். நான், நீ, அவள், அவர்கள், யார் வாங்கினாலும் கைமஸ்தான். நாளை வாங்கப்போவதற்கும் அதுவே. நேற்று என்றால் கைமஷ்த. 'வாங்குவதில்லை' என்பதற்குக் கைமஸென். அந்த 'மஸ்' கேட்பவருக்கான மரியாதை. 'வாங்குறேங்க' என்கிறோமே, அந்த 'ங்க' செய்யும் வேலை.

படி 5: தமிழர் வழுக்கும் இடம்

நம் 'இல்' அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு செயல் நடக்கும் இடத்துக்குத் தெ. சும்மா இருக்கும் இடத்துக்கு நி. 'கொம்பினி நி இமஸ்' என்றால் கடையில் இருக்கிறேன். (இமஸ் மனிதருக்கும் விலங்குக்கும், பொருளுக்கு அரிமஸ்.) நமக்கு இரண்டுமே 'கடையில்' என்பதால் காது உதவாது. வினையைப் பார்த்துத்தான் உருபைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: 'ஸ்டேஷனில் இருக்கிறேன்', 'ஸ்டேஷனில் வாங்கினேன்'.

விடை: எகி நி இமஸ். எகி தெ கைமஷ்த.