இன்டீரியர் டிசைன் முதலாண்டு: பழைய வீட்டை அளந்து வரைவது எப்படி

இன்டீரியர் டிசைன் சேர நினைப்பவர்கள் முதலில் படிப்பின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்ஸி. மூன்று ஆண்டு, பி.டெஸ். நான்கு, பி.ஆர்க். (கட்டடக்கலை) ஐந்து. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பி.ஆர்க். போன்ற அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவும் செய்தவர்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போர்டு மாட்டலாம். ஆனால் எதில் சேர்ந்தாலும் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும் வேலை ஒன்றுதான்: இருக்கிற ஒரு இடத்தை அளந்து, அளவு பிசகாமல் தாளில் ஏற்றுவது. சாஃப்ட்வேர் பிறகு கற்கலாம். தப்பான அளவை கம்ப்யூட்டரில் ஏற்றினால் தப்பு அழகாகத் தெரியும், அவ்வளவுதான்.

சேலத்தில் இருப்பவர்கள் பழக்கத்துக்குப் புது அபார்ட்மென்டைத் தேட வேண்டாம். அங்கே மூலைகள் ஏறக்குறைய நேராக இருக்கும். அளப்பவருக்குக் கற்க ஒன்றுமில்லை. அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறி ஓடும் பழைய ஓட்டு வீடு கிடைத்தால் விடாதீர்கள். கோணல் சுவர், சரிந்த கூரை, தரைக்குக் கீழே போகும் தறிக்குழி என்று ஒரே வீட்டில் பிளானும் (மேலிருந்து பார்க்கும் படம்) செக்‌ஷனும் (வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கும் படம்) பழகிவிடலாம். நெசவு நிற்கும் நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஸ்டீல் டேப்பின் விளிம்பு பாவின் மேல் உரசினால் இழை அறுந்துவிடும். தறிக்கு மேலே டேப்பை நீட்டவே கூடாது.

கையில் வேண்டியவை: 5 மீட்டர் ஸ்டீல் டேப், ஒரு தூக்குக்குண்டு, ரசமட்டம், கட்டம் போட்ட ஏ4 தாள்கள், கிளிப் வைத்த அட்டை, இரண்டு நிறப் பேனா, கூட ஒரு ஆள். வெளிச்சுற்றை அளக்க 30 மீட்டர் டேப்பை இரவல் வாங்கலாம். துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப்பின் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று நினைத்து அடித்து இறுக்கிவிடாதீர்கள். மாட்டி இழுக்கும்போதும் முட்டக் கொடுக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமல் இருக்கத்தான் அந்த ஆட்டம். லேசர் அளவுக்கருவி வைத்திருந்தால் அது முன்முனையிலிருந்து அளக்கிறதா, பின்முனையிலிருந்தா என்று முதலில் பாருங்கள்.

அளப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்று நடந்து, ஸ்கேல் இல்லாமல் கையாலேயே பிளானைப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். ஒரு அறைக்கு ஒரு தாள். சுவர்களை ஒரு நிறத்திலும் அளவுகளை இன்னொரு நிறத்திலும் எழுதினால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது கோடு எது, எண் எது என்று குழம்பாது.

ஒவ்வொரு சுவரிலும் டேப்பின் பூஜ்யத்தை ஒரு மூலையில் வைத்துவிட்டு, நகர்த்தாமல், நிலை தொடங்கும் இடம், முடியும் இடம், ஜன்னல், அலமாரி, அடுத்த மூலை என்று வரிசையாகப் படியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் 3 மி.மீ. பிசகு என்று வைத்தாலும் ஐந்து துண்டில் 15 மி.மீ. போய்விடும். ஒருவர் படிக்க, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும்.

பிறகு, பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் வேலை: மூலைக்கு மூலை குறுக்களவு. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 3048, 3658 மி.மீ.; நான்கு மூலையும் சரியாக 90 பாகையில் இருந்தால் இரண்டு குறுக்கும் சுமார் 4761 வர வேண்டும். ஒன்று 4790, மற்றது 4732 என்று வந்தால் அறை சாய்ந்திருக்கிறது என்று பொருள். குறுக்களவு இல்லாமல் நான்கு சுவரை மட்டும் கொண்டு வந்தால், அந்தச் சாய்வு உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் வரைந்த செவ்வகத்தை நம்பி ஆசாரி அலமாரி செய்து கொண்டுவரும் நாளில்தான் தெரியும்.

சுவரின் தடிமனை வாசல் திறப்பில் அளக்கவும். ‘ஒன்பது இஞ்ச் சுவர்’ என்பது செங்கல் கணக்கு. இருபக்கப் பூச்சும் சேர்ந்தால் 255 மி.மீ. பக்கம் வரும். ஜன்னலுக்கு மூன்று அளவு: தரையிலிருந்து அடிமட்டம் (ஜன்னலின் கீழ்விளிம்பு) வரை, திறப்பின் உயரம், அகலம். தரை சரிந்திருந்தால் ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் அடிமட்டத்தைப் பார்க்க வேண்டும். ஸ்விட்ச் போர்டு, தண்ணீர்க் குழாய், பரண், உத்திரத்தின் அடிமட்டம் எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். ஓட்டுக் கூரைக்குச் சுவர்த் தலையின் உயரமும் முகட்டின் உயரமும் போதும். முகட்டிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்தால் சரிவு கிடைத்துவிடும். வடக்கு எது என்பதைத் தெருவில் நின்று பாருங்கள். கிரில்லும் இரும்பு பீரோவும் பக்கத்தில் இருந்தால் போன் திசைகாட்டி தப்பாகக் காட்டும். மேற்குச் சுவர் எது என்று தெரியாமல் சேலத்துச் சித்திரை வெயிலுக்கு டிசைன் செய்ய முடியாது.

கட்டடக்காரர்கள் அடி, இஞ்ச், நூல் என்றுதான் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு இஞ்ச், ஒரு நூல் ஏறக்குறைய 3 மி.மீ. கல்லூரியில் எல்லாம் மில்லிமீட்டர். இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள்.

வரையும்போது 1:50, அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்கு, என்றால் 3658 மி.மீ. சுவர் தாளில் 73 மி.மீ. முதலில் ஒரு நீளச் சுவரைப் போடுங்கள். அதன் ஒரு முனையில் காம்பஸை வைத்துப் பக்கச் சுவரின் அளவுக்கு ஒரு வில், மறுமுனையிலிருந்து குறுக்களவுக்கு ஒரு வில். இரண்டும் வெட்டும் இடம்தான் அடுத்த மூலை. செட் ஸ்கொயரை வைத்து 90 பாகை போட்டால் குறுக்களவு எடுத்த பாடு வீண். பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் வீட்டை வெட்டிக் கீழே பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவர் தடித்த கோடு, 0.5 மி.மீ., வெட்டுப்படாமல் கீழே தெரியும் திண்ணை, படி 0.25, அளவுக் கோடுகள் 0.1. பரணும் உத்திரமும் தலைக்கு மேலே இருப்பதால் புள்ளிக்கோடு. எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருந்தால் சுவர் எது, பாய் எது என்று யாருக்கும் புரியாது. செக்‌ஷன் எடுக்கும்போது தறிக்குழி வழியாக வெட்டுங்கள். பலர் தரைக்கோட்டோடு படத்தை முடித்துவிடுவார்கள். குழியும் அதில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளரும் காணாமல் போய்விடுவார்கள். அந்த வீடே அவர் உட்காரும் மட்டத்தைச் சுற்றி அமைந்தது என்பதைக் காட்டவேண்டிய படம் அது.

மாடலுக்கு 5 மி.மீ. சன்போர்டு (லேசான பி.வி.சி. அட்டை) சரியாகப் பொருந்தும்: 1:50-ல் அது 250 மி.மீ., பூச்சோடு சேர்ந்த ஒன்பது இஞ்ச் சுவர். மேலே சொன்ன அறைக்கு நீளச் சுவர்கள் இரண்டையும் வெளியளவில் 83 மி.மீ. வெட்டி, குறுக்குச் சுவர்களை உள்ளளவில் 61 மி.மீ. வெட்டி நடுவில் நிறுத்துங்கள். நான்கையும் வெளியளவில் வெட்டினால் மூலை சேராது. பலருக்கு முதல் மாடல் கெடுவது இதில்தான். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அழுத்தாமல் மூன்று முறை கத்தியை ஓட்டுங்கள். நடுவில் தெர்மாகோல் போன்ற பொருள் உள்ள ஃபோம் போர்டில் ஃபெவிக்விக் விட்டால் உள்ளே கரைந்து பள்ளமாகும், அதற்கு ஃபெவிகால்தான்.

ஏற்காட்டில் பழைய பங்களா ஒன்றை அளக்க வாய்ப்புக் கிடைத்தால் மேலே குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, வரைவதைச் சேலத்துக்கு இறங்கி வந்து வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் பட்டர் ஷீட் (படி எடுக்கும் மெல்லிய தாள்) ஈரத்தை இழுத்து அலையலையாகச் சுருளும். கருங்கல் சுவர் ஒரே தடிமனில் இருக்காது. ஒவ்வொரு திறப்பிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஈரக்கறை தரையிலிருந்து எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதும் ஒரு அளவுதான், அதையும் குறியுங்கள். அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி வைக்கக் கூடாது. பின்னால் காற்று போக இடம் விட வேண்டும். பிளைவுட்டும் எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகம் அங்கே தாங்காது, ஐ.எஸ். 303 தரத்தில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்), தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்) என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

பிளைவுட் என்றதும் ஒரு கணக்கு. எட்டடிக்கு நாலடி ஷீட் 2440 × 1220 மி.மீ. அலமாரியின் பக்கப் பலகையை 610 என்று வரைந்து, ஒரு ஷீட்டின் அகலத்தில் இரண்டு கிடைக்கும் என்று எழுதினால் கிடைக்காது: ரம்பம் 3 மி.மீ.யைத் தின்றுவிடும். 608 என்று எழுதுங்கள்.