லைசென்ஸை முதலில் பாருங்கள், கல்லூரியை அப்புறம்

வெளிநாட்டில் பிளம்பிங் படிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கல்லூரி நல்லது?" என்பதைத்தான். கல்லூரி கொடுப்பது வெறும் சான்றிதழ். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிளம்பர் என்று சொல்லிக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், அதைத் தருவது அங்குள்ள மாகாணமோ மாநிலமோ. அதனால் லைசென்ஸுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

கனடாவையே எடுத்துக்கொள்வோம். ஒன்டாரியோ மாகாணத்தில் பிளம்பர் ஆக அப்ரென்டிஸாக (தொழில் பழகுநராக) 9,000 மணி நேரம், அதாவது சுமார் ஐந்து வருஷம் ஆகும். அதில் வகுப்பில் உட்காருவது 720 மணி நேரம்தான், மீதியெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடி கற்பது. மாணவர் அனுமதியில் இருப்பவர் கல்லூரி நடக்கும்போது வெளியே வாரம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது என்பதால் பலரும் முதலில் ஒரு முழுநேரப் படிப்பை முடித்துவிட்டு, பிறகு கிடைக்கும் ஒர்க் பர்மிட்டில் அப்ரென்டிஸாகச் சேரப் பார்க்கிறார்கள். சரி, அந்த பர்மிட் எவ்வளவு காலத்துக்கு? எட்டு மாதத்துக்குக் குறைவான படிப்புக்குக் கிடையவே கிடையாது, ஒரு வருஷப் படிப்புக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷப் படிப்புக்கு மூன்று வருஷம் வரை. கட்டணம் குறைவு என்று ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்தால் 9,000 மணி நேரத்தில் கால்வாசியைக்கூடத் தாண்ட மாட்டீர்கள். 2024 நவம்பரிலிருந்து அந்த பர்மிட்டுக்குப் படிப்பின் துறையும் அரசின் பட்டியலில் இருக்க வேண்டும், மொழித் தேர்வும் உண்டு. "இந்தப் படிப்புக்கு ஒர்க் பர்மிட் உண்டா, லைசென்ஸுக்கு இதில் எத்தனை மணி நேரம் கழியும்?" என்று கல்லூரிக்கே மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது.

ஆஸ்திரேலியா என்றால் தேட வேண்டியது பிளம்பிங்கில் சர்ட்டிஃபிகேட் 3 என்ற தொழிற்படிப்பு. உள்ளூர்ப் பிள்ளைகள் அதை அப்ரென்டிஸாகவே முடிப்பதால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் இடங்கள் குறைவு. படிப்பு க்ரிகோஸ் (வெளிநாட்டு மாணவர் சேரக்கூடிய படிப்புகளின் அரசுப் பட்டியல்) பதிவில் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பிரிட்டனில் பிளம்பிங் வழக்கமாக லெவல் 2 என்ற படிப்புத் தரத்தில் தொடங்கும், மாணவர் விசாவோ லெவல் 3-க்குக் கீழே கிடைக்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள். ஒரு மேஜைக்கு எத்தனை பேர், எரியும் டார்ச் தினமும் கைக்கு வருமா என்று கேளுங்கள். காப்பர் குழாயில் சால்டர் வைப்பது, அதாவது உலோகத்தை உருக்கி மூட்டை ஒட்டுவது, வீடியோ பார்த்து வருகிற வேலை இல்லை: எமரித் தாளில் தேய்த்து, ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்கத் தடவும் பசை) தடவி, சால்டர் கம்பிக்கு நெருப்பைக் காட்டாமல் ஃபிட்டிங்கைச் சூடாக்க வேண்டும். சூடு சரியாக இருந்தால் உருகிய சால்டரை இடுக்கு தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடிவிட்டால் ஃப்ளக்ஸ் கருகி மூட்டு ஒழுகும். இந்தப் பதம் ஐம்பது மூட்டு கெடுத்த பிறகுதான் கைக்குப் பிடிபடும். கழிவுக் குழாயின் வாட்டமும் அப்படித்தான், சொல்லிக்கொடுத்தால் புரியும், மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தால்தான் வரும்.

போவதற்கு முன் பின்னக் கணக்கைத் தூசி தட்டிவிடுங்கள். கனடாவில் குழாயெல்லாம் இஞ்ச்தான், அதிலும் அரை இஞ்ச் காப்பர் குழாயை அளந்தால் வெளிவிட்டம் 5/8 இஞ்ச் இருக்கும், டேப் தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.