அமெரிக்க ஃபெடரல் நீதிபதி ஒருவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

ஃபெடரல் நீதிபதி ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் முதலில் திறப்பது ஃபெடரல் ஜுடிஷியல் சென்டர் (ஃபெடரல் நீதிமன்றங்களின் ஆய்வு, பயிற்சி அமைப்பு) வைத்திருக்கும் விவரத்திரட்டைத்தான். 1789 முதல் ஆயுட்காலப் பதவி வகித்த ஃபெடரல் நீதிபதிகள் அதில் இருக்கிறார்கள். பிறந்த ஊர், படிப்பு, முன்பு பார்த்த வேலை, நியமித்த அதிபர், பதவி முடிந்த விதம் எல்லாம் கிடைக்கும். இரங்கல் செய்திகளை அப்புறம் படிக்கலாம்.

நியமனத்துக்கு மூன்று தேதிகள் இருக்கும்: அதிபர் பெயரை அனுப்பியது, செனட் ஒப்புதல் தந்தது, நியமன ஆணை கிடைத்தது. பணிக்காலத்தை மூன்றாவது தேதியிலிருந்து எண்ணுங்கள்.

பலரும் தடுமாறுவது 'சீனியர்' நிலை என்பதில். இன்றைய விதிப்படி 65 வயது நிறைந்து, வயதும் பணியாண்டுகளும் சேர்ந்து 80 ஆனால் (பணி குறைந்தது 10 ஆண்டு) ஒரு நீதிபதி அந்த நிலைக்குப் போகலாம். அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஆனால் சீனியர் ஆனவரும் விரும்பினால் குறைந்த எண்ணிக்கையில் வழக்குகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதை 'ஓய்வு பெற்றார்' என்று எழுதினால் பாதி வாழ்க்கை காணாமல் போய்விடும். கான்சஸ் மாநிலத்தில் ஃபெடரல் நீதிபதியாக இருந்த வெஸ்லி பிரவுனைப் பாருங்கள். 1907இல் பிறந்தவர், 1962இல் அதிபர் கென்னடி நியமித்தார், 1979இல் சீனியர் ஆனார். அதன் பிறகும் 32 ஆண்டுகள் நீதிபதியாகவே இருந்து, 2012 ஜனவரியில் 104 வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு விச்சிட்டா நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்கு கேட்டவர் அவர். அந்த 32 ஆண்டுகளை ஒரே வரியில் கடப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஒருவருக்கே இரண்டு நியமனங்கள்கூட இருக்கலாம். ஜோசப் உட்ரோவை 1916இல் அதிபர் வில்சன் நெப்ராஸ்கா மாவட்ட நீதிமன்றத்துக்கு (வழக்கை முதலில் விசாரிக்கும் ஃபெடரல் நீதிமன்றம்) நியமித்தார். 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை அதற்கு மேலுள்ள எட்டாவது வட்டார (சர்க்யூட்) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். 1977இல் இறக்கும்வரை நீதிபதிதான். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்தான் 61 ஆண்டு என்ற கணக்கு வரும்.

சரி, இனி இந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேட வேண்டும். நியமித்த அதிபரின் கட்சியை வைத்து நீதிபதியை விளக்கிவிட முடியும் என்று நான் நம்புவதில்லை. தீர்ப்புகளைப் படியுங்கள். கோர்ட்லிஸ்னர் என்ற இணையதளத்தில் ஏராளமானவை இலவசம். ஃபெடரல் நீதிமன்றங்களின் இணைய ஆவணச் சேவையான பேசரில் (PACER) ஆவணங்களுக்குப் பக்கத்துக்கு 10 சென்ட், ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் கட்டணம் இல்லை. மேல்முறையீட்டு நீதிபதி என்றால் பெரும்பான்மையோடு உடன்படாமல் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளில் தொடங்குங்கள். சக நீதிபதிகளின் சம்மதத்துக்காக வளைக்காத எழுத்து அதில்தான் இருக்கும். மாவட்ட நீதிபதி என்றால், குற்றவாளிக்குத் தண்டனை சொன்ன நாளின் பேச்சுப் பதிவைத் தேடுங்கள். காரணத்தை அவர் எல்லோர் முன்பும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், அதனால் அவருடைய குரல் அங்கே கேட்கும். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிலைத்ததா, ரத்தானதா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழைய வழக்குக் கட்டுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கான்சஸ், நெப்ராஸ்கா வழக்குகளுக்கு கான்சஸ் சிட்டிக் கிளையைக் கேட்க வேண்டும். ஆனால் நீதிபதியின் அறையில் இருந்த குறிப்புகளும் வரைவுகளும் கடிதங்களும் அவருடைய சொந்தச் சொத்து. குடும்பம் ஏதாவது பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்திருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எனவே முதல் வாரமே அந்த நூலகங்களுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.