வீட்டிலேயே கார் எஞ்சினைக் கழுவுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்களுக்குச் சில வண்டிகளைப் பார்த்ததுமே கதை விளங்கிவிடும். வண்டி நடுங்கியபடி வந்து நிற்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் பளிச்சென்று இருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது" என்பார் உரிமையாளர். எஞ்சினைக் கழுவினீர்களா என்று கேட்ட பிறகுதான் "லேசாகத் தண்ணீர் அடித்தேன்" என்று இழுப்பார். வேலை பழகிய காலத்தில் எங்களைப் போன்றவர்களும் செய்து பார்த்த தவறுகள்தாம் என்பதால், புதியவர்களைக் கடிந்துகொள்ளவும் மனம் வருவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் கழுவுங்கள், கையுறை அணியுங்கள் என்பனவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சூடு ஆறும் முன் தண்ணீர் ஊற்றுவது

ஓட்டிவந்த எஞ்சினில், எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் பல நூறு டிகிரி வெப்பத்தில் இருக்கும். அவற்றின்மேல் குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். ஆக்சிஜன் சென்சாரின் உள்ளிருக்கும் பீங்கான் உடையலாம். அதற்காக, இரவெல்லாம் நின்று சில்லிட்டுப்போன எஞ்சினில் தொடங்குவதும் வீண் உழைப்புதான், ஏனெனில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு இளகாது. எஞ்சினின் உச்சியை மூடியிருக்கும் டேப்பட் கவரின்மேல் உள்ளங்கையைத் தயக்கமின்றி வைத்திருக்க முடிகிற வெதுவெதுப்பே சரியான நிலை.

கசிவைப் பார்க்காமல் அழுக்கைப் போக்குவது

எஞ்சினில் படிந்திருக்கும் அழுக்கு ஒரு சாட்சியம். டேப்பட் கவரின் ஓரத்தில் மட்டும் தூசி ஈரமாக ஒட்டியிருந்தால் அந்த கேஸ்கட் கசிகிறது. வாட்டர் பம்ப்பின் அருகே வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்திருந்தால் கூலன்ட் ஒழுகிக் காய்ந்திருக்கிறது. கழுவிவிட்டால் இந்தத் தடயங்கள் எல்லாம் போய்விடும். ஆகவே முதலில் டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்து, சந்தேகமான இடங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிய சில நாட்களுக்குப் பிறகு அதே இடங்களை மீண்டும் பார்த்தால், புதிய கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும். எஞ்சினைக் கழுவுவதில் எனக்குத் தெரிந்த உருப்படியான பயன் இதுவே, பளபளப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காய்ந்த இலைகளையும் எலி சேர்த்துவைத்த குப்பையையும் நீர் படும் முன்பே கையால் அள்ளிவிட வேண்டும். முன்கண்ணாடியின் கீழுள்ள வடிகால் துளைகளில் அவை போய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் பயணிகள் கால் வைக்கும் இடத்துக்கு வழி தேடிக்கொள்ளும். எலிக் குப்பை என்றால் முகக்கவசமும் அவசியம்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய்

எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க இவற்றை ஊற்றுபவர்கள் உண்டு. பெட்ரோல் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். டீசலும் மண்ணெண்ணெயும் சாது என்ற எண்ணம்தான் பிடிவாதமாக நிற்கிறது. தீப்பொறி பட்டால் பற்றும் தன்மையில் பெட்ரோல் முந்தும் என்பது உண்மை. ஆனால் பொறியே இல்லாமல், சூடான பரப்பில் பட்டுத் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை டீசலுக்குப் பெட்ரோலைவிடக் குறைவு, ஏறக்குறைய 210 டிகிரி செல்சியஸ்தான். சற்று வேகமாக ஓட்டியவுடனேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். வெப்பத் தடுப்புத் தகட்டின் அடியிலும் பஞ்சு உறையிலும் ஊறிநிற்கும் டீசல் துணியால் துடைத்தால் போகாது. அது போதாதென்று, இந்த எண்ணெய்கள் பட்ட ரப்பர் குழாய்களும் பெல்ட்டும் ஊதி மென்மையாகிக் கெடும்.

பிரஷர் வாஷரை எஞ்சினின் தலைமேல் பிடிப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது. வேண்டாம் என்று சொன்னவுடன் இரண்டு பதில்கள் தயாராக வரும். மழையிலும் வெள்ளத்திலும் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்பது முதலாவது. வயர்களை இணைக்கும் கனெக்டர்கள் எல்லாம் தண்ணீர் புகாதவைதானே என்பது இரண்டாவது.

மழைநீர் பானெட் மூடியிருக்கும்போது கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் சிதறலாக வருகிறது. எஞ்சினின் தலைப்பகுதி மேலிருந்து நேராக நனைவதே அரிது. வீட்டுக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் சில பார் அளவுதான் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிரஷர் வாஷர்களோ 100 பாரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. இரண்டையும் தண்ணீர் என்ற ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றாகிவிடாது. கனெக்டர்களின் தரத்துக்கு வருவோம். நீர் புகாமையைக் குறிக்கும் தரங்களில் ஒன்றான ஐபி67 என்றால், 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே கேடு விளைவிக்கும் அளவுக்கு நீர் புகாது என்று பொருள். 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 80 டிகிரி வெந்நீரை 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பீய்ச்சிச் சோதிப்பது ஐபி69கே என்னும் வேறொரு தரம். முதல் சோதனையில் தேறியது இரண்டாவதிலும் தேறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதுவும் புதிய கனெக்டருக்கு நடத்திய சோதனை. பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்து, ரப்பர் சீல் இறுகி, பூட்டும் நாக்கு ஒடிந்து, யாரோ கம்பியால் கட்டிவைத்த கனெக்டருக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது.

இதிலும் மோசமான இடம் ஸ்பார்க் பிளக் இருக்கும் குழி. இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் பிளக் வெளியே தெரிவதில்லை. டேப்பட் கவரின் நடுவே சிறு கிணறுபோல் இறங்கும் குழியின் அடியில் அது இருக்கும். அதன்மேல் இக்னிஷன் காயிலின் நீண்ட ரப்பர் குழல் பொருந்தியிருக்கும். காயிலின் தலையே அந்தக் குழிக்கு மூடி. தலையைச் சுற்றியுள்ள மெல்லிய ரப்பர் வளையம் தூசியையும் சிதறலையும் தடுக்கும், பீய்ச்சி அடிக்கும் நீரைத் தடுக்காது. உள்ளே இறங்கிய நீர் வெளியேறப் பெரும்பாலும் வழி கிடையாது. எஞ்சின் சூட்டில் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள், மேலே மூடியிருக்கும் குழியிலிருந்து ஆவி எங்கே போகும் என்று யோசிப்பதில்லை.

காயில் பிளக்குக்கு அனுப்பும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் ஈரமாக இருந்தால், மின்சாரம் முனைவரை போய்ப் பொறியாவதற்குப் பதிலாக ஈரத்தின் வழியே எஞ்சின் உலோகத்தில் இறங்கிவிடும். அந்த சிலிண்டரில் எரிதல் நடக்காது, வண்டி நடுங்கும், செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டும். வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் 1-ஆம் சிலிண்டர் என்றால் பி0301, 2-ஆம் சிலிண்டர் என்றால் பி0302 என்று குறியீடு வரும். எரியாத பெட்ரோல் அப்படியே எக்ஸாஸ்ட் வழியே, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதன் உள்ளிருக்கும் தேனடைபோன்ற பீங்கான் பகுதி அந்த வெப்பத்தைத் தாங்காமல் உருகும். விளக்கு தொடர்ந்து எரிவதற்கும் கண்சிமிட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. கண்சிமிட்டினால், கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிதல் தவறுவது, நடக்கிறது என்று வண்டியே எச்சரிக்கிறது.

இப்படித்தான் ஒருவர் வந்தார். எஞ்சினைக் கழுவிய மறுநாள் வண்டி நடுங்கத் தொடங்கியிருக்கிறது. பெட்ரோலில்தான் கலப்படம் என்று முடிவு செய்து, டேங்க்கைக் காலி செய்து மீண்டும் நிரப்பி, விளக்கு கண்சிமிட்டக் கண்சிமிட்ட நெடுந்தூரப் பயணம் ஒன்றையும் முடித்திருக்கிறார். காயிலை உருவியபோது அதன் ரப்பர் நுனியிலிருந்து துருநிற நீர் சொட்டியது. குழிக்குள் டார்ச் அடித்தால், பிளக்கின் ஸ்பானர் பிடிக்கும் ஆறுமுகப் பகுதி முழுவதும் நீருக்குள் இருந்தது. பீங்கானின்மேல் மின்சாரம் தாவி ஓடிய தடம் மெல்லிய கருங்கோடாகப் பதிந்திருந்தது. காயிலையும் பிளக்குகளையும் மாற்றியதும் நடுக்கம் நின்றது, ஆனால் வண்டி மேட்டில் ஏற மறுத்தது. கன்வர்ட்டரைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பாதி உருகி அடைத்துக் கிடந்தது. பிளக்கைவிடப் பன்மடங்கு விலையுள்ள அந்தப் பொருள், கழுவிய அன்றே காயிலைக் கழற்றித் துடைத்திருந்தால் தப்பியிருக்கும். அவர் அப்போதும் "மழையில் ஓட்டும்போது ஒன்றும் ஆகவில்லையே" என்றுதான் கேட்டார்.

ஏற்கெனவே நீர் இறங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது எளிது. இக்னிஷனை அணைத்து, கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றி, காயிலின் போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை மெதுவாகத் திருகியபடி மேலே உருவுங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, காற்றழுத்தத்தால் குழியை ஊதி உலர்த்துங்கள். பிளக்கைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு முதலிலேயே கழற்றினால் குழியில் நிற்கும் நீரும் மணலும் நேராக சிலிண்டருக்குள் விழும். ரப்பர் குழலை உள்ளும் புறமும் துடைத்து, முழுதும் காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது பொருந்தாது என்று தாண்டிப்போக வேண்டாம். அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாவிட்டாலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் அவற்றின் கனெக்டர்களும் மேலேயே இருக்கின்றன. இன்ஜெக்டர் அமர்ந்திருக்கும் குழியில் நீர் தேங்கித் துருவேறினால், பின்னாளில் அதைக் கழற்றுவதற்குள் மெக்கானிக்குக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

டேப்பட் கவருக்குத் தண்ணீரே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டீகிரீசர் நனைத்த பிரஷ், அதன்பின் ஈரத்துணி, அதன்பின் உலர்துணி போதும். கீழ்ப்பகுதிக்குக் குழாய் நீரை மழைச்சாரல்போல் விட்டால் தாராளம்.

டீகிரீசரைக் காயவிடுவது

காரத்தன்மை மிகுந்த டீகிரீசர் அலுமினியத்தில் காய்ந்தால் வெண்சாம்பல் நிறக் கறை விழும். அது அழுக்கல்ல, உலோகமே அரிக்கப்பட்ட இடம் என்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. டப்பாவில் சொன்ன அளவுக்கு நீர் கலந்து, நிழலில், ஒரு பகுதியை முடித்த பிறகு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். சக்கரம் கழுவும் அமிலக் கலவையை எஞ்சின் பக்கம் கொண்டுவரவே கூடாது.

கூலிங் ஃபேன்

சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் தானாகச் சுழலும், விரலை விடாதீர்கள்.

போர்த்திய பிளாஸ்டிக் உறையை மறப்பது

ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டரின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவது நல்லதே. எடுக்க மறந்தால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த உறையை பெல்ட் இழுத்துச் சுற்றிக்கொள்ளும், அல்லது ஏர் ஃபில்டர் மூச்சடைக்கும். எத்தனை உறை போட்டோம் என்பதை எண்ணிவைத்து, அத்தனையும் கைக்கு வந்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

ஆரஞ்சு நிற வயர்கள்

ஹைபிரிட், மின்சார வண்டிகளில் இவை உயர் மின்னழுத்தம் செல்பவை; துடைக்கும் ஆர்வத்தில் இவற்றின் கனெக்டர்களைக் கழற்றாதீர்கள்.

பளபளப்பு ஸ்பிரே

சிலிக்கான் ஸ்பிரே பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். சூடான எக்ஸாஸ்ட்டில் பட்டால் புகையும். தேவை என்று தோன்றினால் துணியில் எடுத்து, பிளாஸ்டிக் மூடிகளில் மட்டும் தடவுங்கள்.

கழுவியதும் ஓட்டிக்கொண்டு கிளம்புவது

காற்றில் காய்ந்துவிடும் என்று உடனே சாலைக்குப் போகக் கூடாது. மேற்பரப்பைத் துணியால் ஒற்றி, கனெக்டர்களையும் காயில்களின் ஓரத்தையும் காற்றால் ஊதி, பானெட்டைத் திறந்தபடியே சில மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி எஞ்சினை மெதுவோட்டத்தில் விட்டுக் கேளுங்கள். சீராக ஓடினால் நல்லது. காயில்களின் பக்கம் 'டிக், டிக்' என்று மெலிதான ஓசை கேட்டாலோ, நடுக்கம் தெரிந்தாலோ, சற்று ஓடினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே அணைத்துவிட்டுக் காயிலைக் கழற்றிப் பாருங்கள்.

கழுவிய நீர்

எண்ணெயும் காரமும் கலந்த அந்த நீரை மழைநீர் வடிகாலிலோ மரத்தடியிலோ விடக் கூடாது. எஞ்சினுக்கு அடியில் அகன்ற தட்டை வைத்து நீரைப் பிடித்துக்கொண்டு, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு வெள்ளமாக ஊற்றாதவர்களுக்கு அது சுமக்கக்கூடிய அளவாகவே இருக்கும்.