கிரியாட்டினின் 'நார்மல்' என்று எழுதும் முன்

வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது நான் அவர்கள் விரலைத்தான் கவனிப்பேன். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.0 என்ற வரியில் விரல் நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஒரு காலத்தில் என் விரலும் அப்படித்தான் இறங்கியது. கர்ப்பிணியின் சிறுநீரகம் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்; தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை.

தாளில் ஸ்டார் குறி இல்லை, அதனால் நார்மல்

அளவு மீறினால்தான் லேப் ஸ்டார் குறி போடும், அதை மட்டும் நம்புவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடி, வடிகட்டும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அப்படியானால் கிரியாட்டினின் இறங்கியிருக்க வேண்டும், பெரும்பாலும் 0.4 முதல் 0.8 மில்லிகிராமுக்குள் நிற்கும். தாளில் அச்சிட்டிருக்கும் அளவு கர்ப்பம் இல்லாதவர்களுக்கானது. 1.0 அங்கே தேறும், இங்கே தேறாது.

பயிற்சிக் காலத்தில் 25-வது வாரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கிரியாட்டினின் 1.1. முதல் மாதங்களில் எடுத்த 0.6 அதே ஃபைலில் இரண்டு பக்கம் முன்னால் இருந்தது. நான் புரட்டவில்லை. 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து முகம் வீங்கி, 160/110 பிரஷரோடு வந்தார். அன்று இரவே குழந்தையை எடுக்க வேண்டியதாயிற்று. இருவரும் பிழைத்தார்கள், ஆனால் அந்த மூன்று வாரம் என் கையெழுத்தால் போனது.

அதனால் 0.8-ஐத் தாண்டினாலே பழைய தாளைத் தேடுங்கள். பிரஷர் பாருங்கள், சிறுநீரில் புரதம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள், ரத்தத்தை மறுபடி அனுப்புங்கள்.

எரிச்சல் இல்லையே, கல்ச்சர் எதற்கு?

எரிச்சலே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கும். கர்ப்பத்தில் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் தளர்ந்து விரிவதால், குறிப்பாக வலப்பக்கம், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறுவது சுலபம். ஆரம்பத்திலேயே ஒரு கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, அனுப்பிவிடுங்கள். அப்புறம், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுங்கள். டப்பாவைக் கையில் திணித்தால் மட்டும் போதாது.

இடுப்பு வலிக்கு ஐபுப்ரோஃபன்

வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கும், பனிக்குட நீர் குறையும்.

பிரஷர் மாத்திரையின் பெயரைக் கேட்காதது

எனலாப்ரில், லோசார்ட்டன் வகை என்றால் அன்றே மாற்று மருந்து எழுதுங்கள்.

பிரசவத்தோடு ஃபைலை மூடுவது

சிறுநீரில் புரதம் போனவரை 12 வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லுங்கள். அப்போதும் போகிறது என்றால் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.